சொல்லிவிட்டுத் தொடுகிறவள்

பவுலினாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்தக் கை பட்டால் பாதி வலி போய்விடும் என்பார்கள். ஓசூரில் 1985க்குப் பிறகு பிள்ளை பெற்ற பெண்கள் சொல்வது அது. அவள் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "கைல என்னா இருக்குது? சொல்லிட்டுத் தொடறன், அவ்ளோதான்" என்பாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். அதற்கு முன்பு பதினான்கு வருடங்கள் அதே கை சொல்லாமல்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

ராயக்கோட்டை சாலையில் பத்துக் கட்டில் போட்ட ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அந்த இடத்தில் டயர் கடை. 1972இல் பவுலினா அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். எலத்தகிரிக்காரி. கணவர் மைக்கேல்ராஜ் பஸ் ஓட்டினார். கம்பெனிகள் வந்த பிறகு கம்பெனி பஸ். அவள் சேர்ந்தபோது சுற்றுவட்டாரப் பெண்கள்தான் வருவார்கள். பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் மனைவிமார், தாயும் அத்தையும் பக்கத்தில் இல்லாதவர்கள், தகரப்பெட்டியோடு வந்து படுத்தார்கள். பிரசவ அறைக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கத்தின. நாலு மொழியிலும் பவுலினாவுக்கு மூன்று சொற்கள் தெரியும்: முக்கு, மூச்சை இழு, சத்தம் போடாதே.

ஆயாவின் வேலை எதுவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. உள்ளே வந்தவளின் தலைப்பூவை எடுப்பது, வளையலைக் கழற்றுவது, எனிமா கொடுப்பது, கழுவுவது, துடைப்பது, வலி வரும்போது முழங்காலைப் பிடித்து அகட்டி வைப்பது. முக்க மறுத்தால் தொடையில் ஒரு அடி. அந்த அடியில் கோபம் கிடையாது. நுகத்தடிக்குள் தலையை நீட்டாத மாட்டை விலாவில் தட்டுகிறோமே, அப்படி. அடி வாங்கியவர்களும் மறுநாள் அவளுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஆகவே அதில் தவறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்ற வழியில்லை. நன்றி சொல்கிறவர்களைக் கொண்டு நம்மை அளந்துகொள்வதில் உள்ள ஆபத்து இது.

1982 ஆவணியில் ஒரு காலை பாகலூர்ப் பக்கத்திலிருந்து நாராயணம்மா என்ற பெண்ணைக் கூட்டி வந்தார்கள். வயது இருபது. முதல் பிள்ளை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கூட அவள் அம்மாவும் கொழுந்தனும். கணவன் கங்கப்பன் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் மிஷினில் நின்றான். அன்று காலை ஷிப்ட். கொழுந்தன் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சொன்னான். லைனை நிறுத்த முடியாது, தகவல் கொடுத்துவிடுகிறோம் என்றார் காவலாளி. அந்தத் தகவல் உள்ளே போய்ச் சேரவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாதம் முன்பு அதே ஷாப்பில், கங்கப்பனுக்கு அடுத்த மிஷினில் நின்ற ஆள் பிரஸ்ஸில் சிக்கி இறந்திருந்தான். உடலை வேனில் கொண்டுவந்து இறக்கியபோது நாராயணம்மா அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அந்த ஆளின் மனைவிக்குச் செய்ததை எல்லாம் கண்ணால் பார்த்தாள். இது பவுலினாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வழக்கமும் அங்கே இல்லை.

அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். பதினோரு மணி வாக்கில் பிரஷர் ஏறிவிட்டது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. பவுலினா வேலையைத் தொடங்கினாள். முதலில் தலையிலிருந்த சாமந்தியை எடுத்து வாளியில் போட்டாள். உள்ளே பூ ஆகாது. முகமெல்லாம் வியர்வை; ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்; குங்குமம் துணியோடு போயிற்று. ஊசி குத்தக் கையைத் தூக்கினால், வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் வீங்கிய மணிக்கட்டில் இறுகிக் கிடந்தன. சோப்புத் தண்ணீருக்கு நகரவில்லை. எப்போதும் செய்வதுபோல் ஈரத்துண்டைச் சுற்றி, இடுக்கியின் பிடியால் அழுத்தி நொறுக்கினாள். ஒரு கை. பிறகு மறு கை.

பூவை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. முகம் துடைத்தது இரக்கத்தால். வளையலை உடைத்தது ஊசிக்காக. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. ஆனால் அவை வந்த வரிசையை அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் அறிவாள். புருஷன் செத்த வீட்டில் செய்கிற வரிசை அது.

நாராயணம்மா நிமிர்ந்து பவுலினாவைப் பார்த்து, "அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

வலியில் புருஷனைத் தேடுகிறாள் என்று பவுலினா நினைத்தாள். அப்படிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

"அதெல்லாம் அப்புறம். இப்ப முக்கு."

அதன் பிறகு நாராயணம்மா வாய் திறக்கவில்லை. கத்தவில்லை, முக்கவும் இல்லை. "இவளைப் பாரு, சத்தமே கிடையாது. தங்கம்" என்று கூட இருந்த ஆயா முனவர் பேகத்திடம் பவுலினா சொன்னாள். பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். ஆண். ஒன்றரை மணி நேரம் உயிரோடு இருந்தது. இரண்டு மணிக்கு இறந்துவிட்டது. தாயிடம் சொன்னார்கள், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷர் இறங்காததால் அந்த அறையிலேயே வைத்திருந்தார்கள். பார்வையாளர் நேரம் நாலு மணி. ஷிப்ட் முடிந்ததும் தம்பி சொல்லக் கேட்டு, நாலு மணிக்குக் கையில் டிபன் கேரியரோடு கங்கப்பன் உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் நாராயணம்மாவுக்கு வலிப்பு வந்தது.

பிரஷரால் வந்த வலிப்பு என்றார் டாக்டரம்மா. மருத்துவப்படி அது சரி. குழந்தை ஏன் இறந்தது என்பதற்கும் ஒரு காரணம் எழுதினார். அதுவும் சரியாகவே இருக்கலாம். அன்று பவுலினா செய்ததற்கும் குழந்தை போனதற்கும் தொடர்பு உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. உண்டென்று சொல்லி அழுவது எளிது, இல்லையென்று சொல்லி மறப்பது அதைவிட எளிது. பவுலினா இரண்டையும் செய்யவில்லை. அவளுக்கு அப்போது எதுவுமே தெரியாது. நாலு நாள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் பவுலினாவுக்கு அவள் முகம் மறந்துவிட்டது.

மூன்று வருடம் கழிந்து, 1986 தை மாதம். பாகலூர்ப் பக்கத்துக் கிராம நர்ஸ் சரசம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவள், பேச்சில் வளைத்துப் பேசத் தெரியாதவள். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த பவுலினாவிடம் நேராகப் போய் நின்றாள்.

"எங்கூர்ல ஒருத்தி மாசமா இருக்குறா. ஏழு முடிஞ்சிருச்சு. கால் வீங்கிக் கிடக்குது, பிரஷர் ஏறிகினே போவுது. முன்னயே வலிப்பு வந்தவ. ஆஸ்பத்திரின்னா மாட்டேங்கிறா. வீட்டுல பெத்தா செத்துருவா."

"அதுக்கு டாக்டரம்மாவப் பாரு. என்னை எதுக்குப் பாக்குற?"

"ஆயா என் வளையல உடைச்சா, நான் அங்க வரமாட்டன்னு சொல்றா. அந்த ஆயா யாருன்னு கேட்டன். எடுப்பான பல்லு, கழுத்துல சிலுவைன்னா."

சரசம்மா தான் கேட்டதையெல்லாம் சொன்னாள். பூ, பொட்டு, வளையல், கேட்ட கேள்வி, வந்த பதில். பவுலினா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். முடிவில் அவள் சொன்னது இது:

"எல்லாருக்கும்தான உடைக்கிறோம்."

"ஆமா. எல்லாருக்கும்தான் உடைக்கிறீங்க."

சரசம்மா போய்விட்டாள். அன்று முழுவதும் பவுலினா கோபமாக இருந்தாள். ஊசி போடத்தானே உடைத்தேன், இவளுக்கென்ன கிறுக்கு என்று முனவரிடம் இரண்டு தடவை சொன்னாள். முனவர், "நீ என்னாத்துக்கு அக்கா இவ்ளோ பேசற? தப்பு இல்லன்னா ஒரு வாட்டி சொன்னா போதாதா?" என்றாள்.

மூன்றாம் நாள் தளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பவுலினா ஈரத்துணியை நனைத்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று பின்னாளில் கேட்டவர்களிடம், "தெரியல. நின்னுச்சு" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "மூஞ்சி தொடைக்கட்டுமா கண்ணு? பொட்டு அழிஞ்சுரும். அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள். "தொடைங்க" என்றாள் அந்தப் பெண். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் முன்பும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும் என்பது பவுலினாவுக்கு அப்போது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாகலூர் பஸ் ஏறினாள்.

நாராயணம்மா வீட்டு முன் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதங்கள் உருண்டையாக இருந்தன. கையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வளையல். வார விடுமுறை என்பதால் கங்கப்பனும் இருந்தான்; பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வந்தவள் யார் என்று நாராயணம்மாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"நர்ஸம்மா அனுப்புனாங்களா?"

"இல்ல. நானா வந்தன்."

"என்னை ஞாபகம் இருக்குதா ஆயாம்மா உனக்கு?"

பவுலினா ஆம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல. எனக்கு உம் முகம் ஞாபகம் இல்ல. நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்."

நாராயணம்மா ஒரு நசுங்கிய தக்காளியை எடுத்து மாட்டின் பக்கம் எறிந்தாள். "பரவால்ல. ஞாபகம் இருக்குதுன்னு சொல்லியிருந்தா இப்பவே பஸ் ஏத்தியிருப்பேன்."

கங்கப்பன் சுத்தியலைக் கீழே வைத்தான். அவனைப் பார்க்காமலே அவள் பேசினாள்.

"பதினோரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நான் தாலியறுத்தவளா கெடந்தேன். இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்குறாரே, இவருக்காக. எப்படிச் செத்தாரு, கை போச்சா தலை போச்சான்னு அதையேதான் நெனச்சினு இருந்தேன். அதுக்குள்ள எம் புள்ள பொறந்து செத்தும் போச்சு. வந்து சொன்னாங்க. காதுல விழுந்துச்சு. அவனுக்குன்னு ஒரு சொட்டு அழல நான். உயிரோட இருக்குறவருக்கு அழுதேன். செத்தவனுக்கு அழல. நீ வளையல உடைச்சது போனாப் போவுது. இதை என்னா பண்ணுவ நீ?"

பவுலினா மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அந்தச் சொல்லை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிப்பும் அங்கே எதிரிலிருப்பவளிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதாகத்தான் ஆகியிருக்கும். கங்கப்பன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் கடைசியில். "ஆனா உங் கால் வீக்கம் நல்லதில்ல. முன்ன வந்த வலிப்பு இன்னொரு தரம் வந்தா வீட்டுல யாரும் தாங்க முடியாது. என்னென்ன பண்ணாம இருந்தா நீ வருவ? அதைச் சொல்லு."

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. வா என்றார்கள், வராவிட்டால் செத்துப்போவாய் என்றார்கள். நாராயணம்மா ஒரு பெட்டி நிரம்பும்வரை அடுக்கினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூவை எடுக்கக் கூடாது. முகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எதற்கென்று சொல்ல வேண்டும். "வத்து", தெலுங்கில் வேண்டாம், என்றால் கையை எடுத்துவிட வேண்டும். கங்கப்பன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"நான் வேணாம்னா முனவர்னு இன்னொரு ஆயா இருக்குறா. நல்லவ. அவளை இருக்கச் சொல்றன்."

"வேணாம். நீயே இரு. பண்ணினவ நீ. நீதான் பண்ணாம இருக்கணும்."

டாக்டரம்மா திருச்சிப் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர், கண்டிப்பானவர். ஒரே நாளில் ஐந்து பிரசவம் பார்த்துவிட்டு ஆறாவதற்குக் கை கழுவுகிறவர். பவுலினா பட்டியலைச் சொன்னபோது அவர் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீ தலைமாட்டில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தால் ஆயா வேலையை யார் பார்ப்பது?"

"முனவர் பாத்துக்குவா. அவ பங்கு ரெண்டு நாள் நான் செய்யறன்."

"பூ கிடையாது. அதில் பேச்சே இல்லை. புருஷன் உள்ளே வரக்கூடாது."

"பின்னால ஜன்னலுக்கு வெளிய நிப்பாரு."

"பிரஷர் ஏறினால் நான் அவளிடம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன் பவுலினா."

"கேக்க வேணாம் டாக்டரம்மா. சொல்லிட்டுச் செய்ங்க. சொல்றதுகூட நான் சொல்லிக்கறன்."

அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. பவுலினா மறுபடி பஸ் ஏறிப்போய், பூ மட்டும் முடியாது என்று நாராயணம்மாவிடம் சொன்னாள். வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று மறைத்திருந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும். "அப்படின்னா நானே எடுத்து இவர் கைல குடுக்கறன்" என்றாள் நாராயணம்மா. அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் பவுலினா போனாள். கட்டில் எப்படி இருக்கும், எந்த ஊசி எதற்கு, ஆயுதம் என்பது என்ன, எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுக்குள் நட்பு எதுவும் உண்டாகவில்லை. நாராயணம்மா கேள்வி கேட்டாள், இவள் பதில் சொன்னாள். ஆறாவது வாரம்தான் உட்காரச் சொன்னாள்.

மாசி கடைசியில் ஒரு காலை ஆறு மணிக்கு வலி எடுத்து வந்தாள். வாசலில் நின்று தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தானே எடுத்துக் கங்கப்பனிடம் கொடுத்தாள். வளையல்களைப் போன வாரமே எண்ணெய் தடவிக் கழற்றி, இரண்டு மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். கதவு வரைக்கும் வந்து நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. பின்னால் இருந்த முனவர், "நேரமாவுதும்மா" என்று முதுகில் கை வைக்கப் போனாள். பவுலினா தலையாட்டித் தடுத்தாள். இரண்டு வலி வந்து போகும்வரை மூவரும் வாசலில் நின்றார்கள். பிறகு நாராயணம்மா தானாக உள்ளே போனாள்.

கங்கப்பன் ஜன்னலுக்கு வெளியே, வாதநாராயண மரத்தடியில் நின்றான். அதிகம் பேசாத ஆள். "நாராயணி, நான்தான். இங்கதான் இருக்குறன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அதையே சொன்னான். பத்து மணிக்குள் அந்த வாக்கியம் அவனுக்கே அலுத்துவிட்டது. "தக்காளிப் பெட்டிய லாரில ஏத்தியாச்சு" என்றான். "பாகலூர் பஸ் போவுது." "இங்க ஒரு நாய் படுத்துனு இருக்குது." உள்ளே பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்த முனவர், "வானொலி நிலையத்தையே கூட்டினு வந்துட்டியா நீ? சினிமா பாட்டு ஒண்ணு போடச் சொல்லு" என்றாள். வலிக்கு நடுவில் நாராயணம்மாவின் உதடு கொஞ்சம் கோணிற்று. சிரிப்பாகவும் இருக்கலாம்.

பவுலினா தலைமாட்டில் நின்றாள். "இப்ப கைல பட்டையச் சுத்தி பிரஷர் பாப்பாங்க. இறுக்கும், அப்புறம் விடும்." "இது வலிப்பு வராம இருக்கப் போடற ஊசி. உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படாத." "டாக்டரம்மா உள்ள கை வெச்சுப் பாக்கணும். இப்பப் பாக்கட்டுமா, இந்த வலி போனதும் பாக்கட்டுமா?" கடைசிக் கேள்விக்கு டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. நாராயணம்மா, "வலி போவட்டும்" என்றாள். டாக்டரம்மா காத்திருந்தார். அரை நிமிடம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு முக்க வேண்டிய கட்டம் வந்தது. பிரஷர் நூற்று எழுபதைத் தொட்டிருந்தது. "காலைப் பிடி" என்றார் டாக்டரம்மா.

"முட்டியப் பிடிச்சுக்கட்டுமா நாராயணம்மா?"

"வத்து."

பவுலினா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பவுலினா, பிடி என்றேன்."

"வேணாங்குறாங்க டாக்டரம்மா."

அந்த அறையில் அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. வேலை போகலாம் என்பது பவுலினாவுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் வேறு: இந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதாலேயே இவள் செத்துப்போனால்? கேட்டு நடப்பது எப்போதும் நன்மையில்தான் முடியும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அவளுக்கு அந்த உறுதி இல்லை. வாக்குக் கொடுத்திருந்தாள், அது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவளிடம் இருந்தது. இரண்டு வலி வீணாகப் போயிற்று. நாராயணம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா கையுறையை மாற்றினார். குரல் தணிந்திருந்தது. "இன்னும் இரண்டு வலிதான் பார்ப்பேன். பிறகு ஆயுதம் போட்டுவிடுவேன். அவளிடம் சொல்லிவிடு."

பவுலினா குனிந்து, அவள் காதருகில், எதையும் குறைக்காமல் சொன்னாள். "பிரஷர் ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு வலி. அதுல வரலன்னா ஆயுதம் போடுவாங்க. போன தடவை போட்டது அதேதான்."

"ரெண்டுதானா?"

"ரெண்டு."

வெளியே கங்கப்பன் அப்போது ஏதோ ஒரு லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தான். நாராயணம்மா கம்பியை விட்டுவிட்டுத் தன் இரண்டு முழங்கால்களையும் தானே பிடித்துக்கொண்டாள். "நானே பிடிச்சுக்கறன். எப்ப முக்கணும்னு மட்டும் சொல்லு." பவுலினா சொன்னாள். முதல் வலியில் தலை தெரிந்தது. இரண்டாவதில் குழந்தை வந்தது. பெண். பிறந்த உடனே அழுதது.

அந்த அழுகையைக் கேட்டதும் நாராயணம்மாவும் அழத் தொடங்கினாள். மூன்று வருடம் முன்பு வாய் மூடிக் கிடந்தவள் அறை அதிர அழுதாள். "பொட்டப் புள்ளைன்னா இப்படி அழுவுற? மகாலட்சுமி வந்திருக்குறா, அழக் கூடாது" என்று முனவர் அருகே வந்தாள். ஜன்னலில் கங்கப்பன் பதறிப் பேச்சை நிறுத்தினான்.

"விடு முனவர்" என்றாள் பவுலினா. "இது இந்தப் புள்ளைக்கு அழல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொண்ணு. அவ மொதப் புள்ளைக்கு அழுவுறா. நீங்க பேசிகினே இருங்க" என்றாள். அவனும் அழுதான். டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார்; பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. கால் மணி நேரம் அந்த அழுகை நீடித்தது. அதுவரை குழந்தை முனவரின் கையில் இருந்தது. பவுலினாவின் இரண்டு கைகளும் வெறுமையாகவே இருந்தன. நாராயணம்மா கடைசி வரை அவற்றைப் பிடிக்கவில்லை.

மூன்று நாளில் பிரஷர் இறங்கியது. வலிப்பு வரவில்லை. போகும்போது நாராயணம்மா டாக்டரம்மாவிடமும் முனவரிடமும் சொல்லிக்கொண்டாள். பவுலினாவைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரி ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். டாக்டரம்மா அந்த நாளைப் பற்றி இரண்டு வருடம் பேசவில்லை. கதவுக்கு வெளியே அம்மாக்கள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பவுலினாவின் முறை வரும் நாட்களில் அந்த அறையில் அடி விழவில்லை. 1988இல் இரண்டு புதிய ஆயாக்கள் சேர்ந்தபோது, "முதல் மாதம் பவுலினாவோடு நில்லுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டாம், செய்வதற்கு முன் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்" என்று டாக்டரம்மா அவர்களை அனுப்பினார். பிறகு சரசம்மா, வீடுகளில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு நடந்த பயிற்சிகளுக்கும் அவளைக் கூட்டிப்போனாள். தளிக்கும், ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகும் அஞ்செட்டிக்கும் போனார்கள்.

போவதற்கு முன் பவுலினா பாகலூருக்கு ஒருமுறை போய், நடந்ததை அங்கே சொல்லலாமா என்று கேட்டாள். நாராயணம்மா சொன்ன பதில்: "நீ பண்ணினதைச் சொல்லு. எனக்கு நடந்ததைச் சொல்லாதே. அது என்னுது."

அதனால் பவுலினா சொன்ன கதை மிகவும் மெலிந்துபோனது. "ஒருத்திக்குச் சொல்லாம முகம் தொடைச்சேன், சொல்லாம வளையல் உடைச்சேன், அவ கேட்டதுக்கு அப்புறம்னேன். அது தப்பு" என்பாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அஞ்செட்டியில் ஒருத்தி, "இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்த? உசுரு போவுற எடத்துல மூஞ்சி தொடைக்கறதுக்கு உத்தரவு கேட்டுனு நிக்கறதா?" என்று கேட்டாள். மீதிக் கதையைச் சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். பவுலினா சொல்லவில்லை. சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, ஈரத்துணியை எடுத்து, சிரித்தவளையே பாயில் படுக்கச் சொல்லி, எச்சரிக்காமல் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவள் துள்ளி எழுந்தாள். "இப்ப உனக்கு வலி வேற இருக்குதுன்னு நெனச்சுக்கோ" என்றாள் பவுலினா. அந்தப் பயிற்சிகளில் அவள் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அது எத்தனை பேரிடம் தங்கியது என்பதற்குக் கணக்கில்லை. நாராயணம்மா பல வருடம் கழித்துத் தன் வாயால் சொன்ன பிறகுதான் மீதிக் கதையை இங்கே எழுத முடிந்தது.

1991இல் நாராயணம்மா மூன்றாவது முறை கர்ப்பமானாள். பவுலினாவுக்குத் தகவல் தெரியும். வருவாள் என்று எதிர்பார்த்தாள். முனவரிடம் தன் முறையை மாற்றிக்கொள்வது பற்றிக்கூடப் பேசி வைத்தாள். மாதங்கள் ஓடின. யாரும் வரவில்லை. ஒரு நாள் சரசம்மா சைக்கிளைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள்.

"அவளுக்குப் புள்ள பொறந்துருச்சு. பையன். ஆனேக்கல்ல, தங்கச்சி ஊட்டுக்குப் போயி அங்க ஒரு ஆஸ்பத்திரில பெத்துகினா. நீ வருத்தப்படாத பவுலினா. அவளுக்கு இந்த எடம்னா என்னதான் இருந்தாலும்..."

"எந்த எடமா இருந்தா என்னா. உள்ள போனாளா?"

"போனா. நடந்தே போனாளாம். கூட யாரும் இல்ல, இவரு ஷிப்டுக்குப் போயிட்டாரு. அங்க இருந்த ஆயா கையப் புடிச்சு இழுத்திருக்குறா. சொல்லிட்டுத் தொடுன்னாளாம் இவ."

"ஆயா என்னா சொன்னா?"

"திட்டுனாளாம்."

"இவ?"

"இவளும் திட்டுனாளாம். அப்புறம் அந்த ஆயா சொல்லிட்டுத்தான் தொட்டாளாம்."

பவுலினா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். உள்ளே யாரோ கத்தும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.